சிக்கி நிற்பவரை முன்னிறுத்தும் பயிலரங்கு

ஒரு தொழில்நுட்பக் குழுவின் மாதாந்திர உரைகளையும் நாள் முழுவதும் நடக்கும் பயிலரங்குகளையும் நெடுநாளாக ஒருங்கிணைத்து வருபவன் என்ற முறையில் எனக்கு உறுதிப்பட்டிருக்கும் கருத்து ஒன்று உண்டு. விரைவாக முடித்தவர்கள் எவ்வளவு தொலைவு போனார்கள் என்பதை வைத்து ஒரு பயிலரங்கை மதிப்பிடக் கூடாது. இடையில் எங்கோ சிக்கி நின்றவர் மறுபடி நகர்வதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையே பார்க்க வேண்டும். உரையைக் கேட்பவர் சற்று நேரம் கவனம் தவறினாலும் அடுத்த பகுதியில் வந்து சேர்ந்துகொள்ளலாம். பயிலரங்கில் அது நடக்காது. மூன்றாம் படியில் பிழைச்செய்தியோடு நிற்பவருக்கு நான்காம் படி என்று ஒன்று இல்லவே இல்லை. அவர் அதன்பிறகு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே தவிர, கற்றுக்கொண்டிருக்கவில்லை. ஏற்பாடுகள் அனைத்தையும் அவரை மனத்தில் வைத்துத் தொடங்கினால் பல முடிவுகள் தாமாகவே தெளிவாகிவிடும்.

பெரும்பாலோர் சிக்குவது பாடத்தில் அன்று, பாடம் தொடங்குவதற்கு முன்பே. மென்பொருளை நிறுவுவதிலேயே முதல் ஒரு மணி நேரம் கரைந்துபோகும் பயிலரங்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே அறையில் பலரும் ஒரே நேரத்தில் ஒரே வைஃபை கருவியின் வழியாகப் பெரிய கோப்புகளை இறக்கத் தொடங்கினால், இணைப்பு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் திணறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் பெரும்பாலும் மூன்றுதான். கூடுதலாக இன்னொரு கருவியை வைத்தாலும் தடங்களைப் பிரித்து அமைக்காவிட்டால் பயனில்லை. ஆகவே, இணையம் அறவே இல்லாவிட்டாலும் நடத்தி முடிக்கும்படி பயிலரங்கைத் தயாரிப்பதே பாதுகாப்பானது. பைத்தான் பயிலரங்கு என்றால், தேவையான நூலகங்களை (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளை) ‘பிப் டவுன்லோட்’ கட்டளையால் முன்கூட்டியே ஒரு கோப்புறையில் இறக்கிவைத்துக்கொண்டு, இணையத்தைத் தேடாமல் அந்தக் கோப்புறையிலிருந்தே நிறுவச் செய்யலாம். அந்தக் கோப்புகளில் பல, இயங்குதளத்துக்கும் பைத்தான் பதிப்புக்கும் ஏற்ப மாறுபடுபவை என்பதால், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் தனித்தனியே இறக்கி, ஒவ்வொன்றையும் அந்தந்தக் கணினியில் ஒரு முறை நிறுவிப் பார்த்துவிட வேண்டும். ஒரு செயலியை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிவைக்கும் டாக்கர் படிமங்களையும் இப்படியே கோப்பாகச் சேமித்து, வேறொரு கணினியில் ஏற்றிக்கொள்ள முடியும். இவற்றைப் பென் டிரைவில் கொண்டுபோகும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ‘ஃபாட்32’ முறையில் வடிவமைக்கப்பட்ட டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. ‘எக்ஸ்ஃபாட்’ முறைக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

நிறுவும் வேலையையே தவிர்த்துவிட்டு, உலாவியிலேயே நிரலை எழுதி இயக்கும் சூழலைக் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. இரண்டு மணி நேரப் பயிலரங்குக்கு அதுவே சரியான வழி. ஆனால் ஒரு நாள் முழுவதும் கற்பிப்பதாக இருந்தால், தங்கள் கணினியில் எதுவும் இல்லாமல் மக்கள் வீடு திரும்புவது எனக்கு உவப்பில்லை. மறுநாள் தனியாக உட்கார்ந்து தொடர நினைக்கும்போது, உதவிக்கு யாரும் இல்லாத இடத்தில் முதல் தடையைச் சந்திக்க நேரும். பலர் அங்கேயே கைவிட்டுவிடுவார்கள். எனவே காலையில் உலாவியில் தொடங்கி எல்லோரையும் ஒரு வெற்றியைப் பார்க்க வைத்துவிட்டு, நிறுவுவதை நாளின் பிற்பகுதியில் பாடத்தின் ஓர் அங்கமாகவே வைப்பதுதான் என் வழக்கம். பயிலரங்குக்கு முந்தைய நாள் மாலையில், விரும்புகிறவர்கள் கணினியோடு வந்து எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொள்ளும் ஒரு சந்திப்பை வைப்பதும் நல்ல பயன் தரும். அதற்கு வர முடியாதவர்களே மறுநாள் சிக்குபவர்களாக இருப்பார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இத்தகைய தடைகளை ஓர் ஏட்டில் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. பைத்தான் நிறுவப்படாத விண்டோஸ் 10 கணினியின் முனையத்தில் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில்) ‘பைத்தான்’ என்று தட்டினால், பிழைச்செய்திக்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். புதியவர் ஏதோ கெட்டுவிட்டது என்று அஞ்சி எல்லாவற்றையும் மூடிவிடுவார். ‘ஃபிளாஸ்க்’ என்ற பைத்தான் நூலகத்தைக் கொண்டு சிறிய இணையச் செயலி எழுதும் பயிலரங்கில், மேக் கணினி வைத்திருப்பவர்கள் மட்டும் கூட்டமாகச் சிக்கினால் முதலில் பார்க்க வேண்டியது துறை எண் (செயலி தொடர்பை ஏற்கும் வாயிலின் எண், ‘போர்ட்’): ஃபிளாஸ்க் இயல்பாகப் பயன்படுத்தும் 5000-ஆம் துறையை, மேக் இயங்குதளத்தின் 2021-இல் வெளியான ‘மான்டரே’ பதிப்பிலிருந்து ‘ஏர்பிளே’ ஏற்பி (வேறு கருவிகள் அனுப்பும் ஒலி, ஒளியைப் பெறும் வசதி) எடுத்துக்கொள்கிறது. வேறு எண்ணைக் கொடுத்தால் அடுத்த நொடியே இயங்கும். இதை அறிந்தவருக்கு அரை நிமிட வேலை. அறியாதவருக்கு அந்த முற்பகலே போய்விடும். குழுவில் யார் பயிலரங்கு நடத்தினாலும் ஏட்டை அவரிடம் கொடுத்துவிடுகிறோம். நிகழ்வு முடிந்ததும் அவர் புதிய பக்கம் ஒன்றைச் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும்.

மின்னணுவியல் பயிலரங்குகளுக்கு அந்த ஏடு இன்னும் தடிமனாக வேண்டும், ஏனெனில் அங்கே பிழைச்செய்தி என்ற உதவி கூட இல்லை. அர்டுயினோ என்ற சிறு நிரலாக்கப் பலகை கணினியில் தென்படவில்லை என்றால், பழுது பலகையில் இருப்பது அரிது. மின்னேற்றம் மட்டும் செய்யும் யுஎஸ்பி வடங்கள் ஏராளமாகப் புழங்குகின்றன. அவற்றில் தரவுக் கம்பிகளே இருக்காது, ஆனால் பலகையின் விளக்கு எரியும் என்பதால் வடத்தின் மேல் யாருக்கும் ஐயம் எழாது. ஆகையால் சோதித்துப் பார்த்த வடங்களுக்கு வண்ண நாடா சுற்றிவைப்பது நல்லது. விலை குறைந்த பலகைகளில் யுஎஸ்பி வழித் தொடர்புக்காக இருக்கும் ‘சிஎச்340’ சில்லுக்குச் சில கணினிகளில் தனி இயக்கி நிறுவ வேண்டியிருக்கும். அதுவும் பென் டிரைவில் இருக்கட்டும். பாகங்களைச் செருகிச் சுற்று கட்டும் நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரத்து மின்வழித் தடம் நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். மேல் பாதியில் இயங்கும் சுற்று கீழ்ப் பாதியில் ஏன் இயங்கவில்லை என்று புதியவர் ஒருவர் மணிக்கணக்கில் தேடினாலும் கண்டுபிடிக்க மாட்டார்.

பாகங்களைக் கொடுக்கும்போதே அவற்றின் வரம்புகளையும் சொல்லிக் கணக்குப் போட வைத்தால், பலகை எரிவதும் குறையும், பாடமும் ஆழமாகும். 5 வோல்ட் தரும் முனையில் சிவப்பு எல்.இ.டி. ஒன்றை 220 ஓம் மின்தடையோடு இணைத்தால், எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மீதமுள்ள 3 வோல்ட் மின்தடையின் மேல் விழுந்து, ஏறக்குறைய 14 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாயும். அர்டுயினோ ஊனோ பலகையின் ஒரு முனைக்குப் பரிந்துரைக்கப்படும் 20 மில்லி ஆம்பியருக்கு அது உட்பட்டது. இந்தச் சிறு கணக்கைத் தம் கையால் போட்டுப் பார்த்தவர், மின்தடை இல்லாமல் எல்.இ.டி.யை ஏன் செருகக் கூடாது என்று பிறகு யாரையும் கேட்க மாட்டார். அர்டுயினோவிலிருந்து ‘இஎஸ்பி32’ பலகைக்கு மாறும் பயிலரங்கில் இது இன்னும் முக்கியம்: அதன் முனைகள் 3.3 வோல்ட்டுக்கானவை. தொலைவை அளக்கும் ‘எச்சி-எஸ்ஆர்04’ உணரியின் எதிரொலி முனையோ 5 வோல்ட் தரும். இடையில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் மின்தடைகளைக் கொண்டு மின்னழுத்தத்தைப் பிரித்து, மூன்றில் இரண்டு பங்கை மட்டும் பலகைக்குக் கொடுக்க வேண்டும். இந்தச் சுற்றை முன்னதாகவே கட்டிக் கொடுத்துவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். பயிலரங்கின் மிகச் சிறந்த பதினைந்து நிமிடங்கள் இதில்தான் இருக்கின்றன.

கற்பிக்கும் முறைக்கு வருகிறேன். புதியவர் ஒரே நேரத்தில் எத்தனை புதுப் பொருள்களை மனத்தில் தாங்க முடியும் என்பதற்கு எல்லை உண்டு. கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988-இல் முன்வைத்த அறிதல் சுமைக் கொள்கை, தாமாகவே தீர்வைத் தேடச் சொல்வதைக் காட்டிலும், முழுமையாகத் தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டுகளைப் படிப்பது தொடக்க நிலையினருக்கு அதிகம் பயன்படும் என்ற முடிவுக்கு வலுச் சேர்த்தது. ‘வெற்றுக் கோப்பைத் திறந்து நீங்களே எழுதுங்கள்’ என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கும் பயிற்சிகள் அறையை இரண்டாகப் பிரித்துவிடுவதன் காரணம் எனக்கு இதிலிருந்துதான் புரிந்தது. இப்போது முதலில் முழு நிரலையும் கொடுத்து, இயக்கி, ஒரு வரியை மாற்றினால் என்ன ஆகும் என்று ஊகிக்கச் சொல்கிறேன். அடுத்து, அதே போன்ற நிரலில் இரண்டு வரிகளை எடுத்துவிட்டு நிரப்பச் சொல்கிறேன். அதன் பிறகு, சரியான வரிகளையே வரிசை குலைத்துக் கொடுத்து ஒழுங்குபடுத்தச் சொல்கிறேன். இந்தப் பயிற்சி வகையை டேல் பார்சன்ஸும் பட்ரீசியா ஹேடனும் 2006-இல் அறிமுகப்படுத்தினார்கள். காகிதத் துண்டுகளில் அச்சிட்டுக் கொடுத்தால் இருவர் மூவராகக் கூடி நகர்த்திப் பார்ப்பார்கள். தட்டச்சுப் பிழையால் யாரும் சிக்குவதில்லை. வெற்றுக் கோப்பு இவற்றுக்கெல்லாம் பிறகு வரட்டும்.

நேரடியாக நிரல் எழுதிக் காட்டும்போது நிரலை நகலெடுத்து ஒட்டாமல் தட்டச்சு செய்ய வேண்டும், அதுவும் வாயால் சொல்லிக்கொண்டே. கற்பிப்பவரின் விரல் வேகம் அப்போதுதான் கேட்பவரின் வேகத்துக்கு இறங்கும். திரையைப் பற்றியும் ஒரு சொல். கருப்புப் பின்னணியில் வண்ண எழுத்துகள் கணினியில் அழகாகத் தெரிந்தாலும், வெளிச்சம் உள்ள அறையில் புரொஜெக்டர் அவற்றை விழுங்கிவிடும்; கோப்புறைப் பெயர்களைக் கருநீலத்தில் காட்டும் முனையம் கடைசி வரிசைக்கு வெற்றுத் திரைதான். வெள்ளைப் பின்னணிக்கு மாறி, எழுத்தைப் பெரிதாக்கி, கடைசி வரிசையிலிருந்து ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும். முனையத்தின் கடைசி வரி எப்போதும் திரையின் அடியில் இருக்கும், அதை முன்வரிசையினரின் தலைகள் மறைக்கும். ஆகவே முனையச் சாளரத்தைத் திரையின் மேல் பாதியோடு நிறுத்திவிடுவது நல்லது. தட்டிய கட்டளைகள் அனைத்தும் ஓரத்தில் தொடர்ந்து தெரியும்படி ஒரு சிறு சாளரத்தை வைத்தால், இரண்டு கட்டளை பின்தங்கியவர் யாரையும் கேட்காமலே தொடர்ந்துவிடுவார்.

ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் நிரல் எந்த நிலையில் இருக்க வேண்டுமோ அந்த நிலையைத் தனிக் கோப்புறையாகக் கொடுப்பது, பின்தங்கியவருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ கருவியின் கிளைகளாக (தனித்தனிப் பிரிவுகளாக)க் கொடுப்பதே நேர்த்தியானது என்று அனுபவமுள்ள நிரலாளர்கள் சொல்வார்கள், நான் அதை ஏற்கவில்லை. தாம் மாற்றிய கோப்புகள் இருக்கும்போது கிளை மாற முயன்றால் கிட் பல நேரம் மறுத்துவிடும். கிட் அறியாதவர் அந்த இடத்தில் இரண்டாவது சிக்கலில் விழுவார். ‘கட்டம் 1’, ‘கட்டம் 2’ என்று எண்ணிட்ட கோப்புறைகளில் அழகு குறைவாக இருக்கலாம், ஆனால் இடைவேளைக்குப் பிறகு அறை முழுவதையும் ஒரே புள்ளியில் நிறுத்த அவை போதும்.

இனி, சிக்கியவர் அதை எப்படித் தெரியப்படுத்துவார் என்பது. ‘யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு வரும் மௌனத்தை யாரும் நம்பக் கூடாது. கையுயர்த்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற கூச்சம் பெரியவர்களுக்கும் உண்டு. அறிவியலாளர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்க 1998-இல் தொடங்கிய ‘சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி’ முயற்சியின் பயிலரங்குகளில் வழங்கிவரும் முறை இதற்குச் சிறந்த தீர்வு: ஒவ்வொருவருக்கும் இரண்டு நிறத்தில் ஒட்டுத்தாள்கள். முடித்தவர் ஒரு நிறத்தையும், உதவி வேண்டுபவர் மற்றொன்றையும் மடிக்கணினியின் மூடியில் ஒட்டிவிட்டு வேலையைத் தொடரலாம். கற்பிப்பவருக்கு ஒரே பார்வையில் அறையின் நிலை தெரிகிறது, சிக்கியவருக்கோ கை வலிக்கத் தூக்கிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நிறத் தாள்கள் திடீரென்று பெருகினால், தவறு அவர்களிடம் இல்லை, என் விளக்கத்தில் இருக்கிறது என்று அறிந்து நிறுத்திவிடுகிறேன்.

கருத்தளவில் சிக்கியிருப்பவரைக் காண்பது இதைவிடக் கடினம், ஏனென்றால் தாம் சிக்கியிருப்பது அவருக்கே தெரியாது. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1990-களில் வளர்த்தெடுத்த முறையை இங்கே பயன்படுத்துகிறேன். பைத்தானில் ஒரு பட்டியலுக்குப் பெயரிட்டு, அதே பட்டியலை இரண்டாவது பெயருக்கும் ஒப்படைத்துவிட்டு, இரண்டாவது பெயரின் வழியாக ஓர் உறுப்பைச் சேர்த்தால், முதல் பெயரின் கீழ் என்ன தெரியும்? முதலில் ஒவ்வொருவரும் தனியாக முடிவு செய்து விரல்களால் காட்ட வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதிட வேண்டும். பிறகு மறுபடி காட்ட வேண்டும். அதன்பின்தான் நிரலை இயக்குவேன். இரண்டு பெயர்களும் ஒரே பட்டியலையே சுட்டுகின்றன என்பதை நான் விளக்குவதைவிட, சற்று முன்தான் அதை உணர்ந்த பக்கத்து இருக்கைக்காரர் தெளிவாக விளக்கிவிடுகிறார்.

அது தற்செயல் அன்று. நன்கு தேர்ந்தவருக்குத் தாம் எங்கே தடுமாறினோம் என்பது மறந்துபோயிருக்கும்; அண்மையில் கற்றவருக்கு அது பசுமையாக நினைவிருக்கும். ஆகவேதான் உதவியாளர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, மிகுந்த அனுபவம் உள்ளவர்களைவிட, முந்தைய பயிலரங்கில் பங்கேற்று முடித்தவர்களை முதலில் அழைக்கிறேன். பெண்களுக்கு இணைய நிரலாக்கம் கற்பிக்க 2014-இல் பெர்லினில் தொடங்கிய ‘ஜாங்கோ கேர்ல்ஸ்’ நிகழ்வுகளில் மூன்று பேருக்கு ஒரு வழிகாட்டி என்ற அளவு பின்பற்றப்படுகிறது. அவ்வளவு பேர் கிடைக்காத இடத்தில் ஆறு பேருக்கு ஒருவர் என்றாவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. உதவியாளர்கள் அதற்கும் குறைந்தால் பங்கேற்பாளர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதே நேர்மை. உதவியாளர்களிடம் முன்கூட்டியே வலியுறுத்திச் சொல்வது, பங்கேற்பாளரின் விசைப்பலகையைத் தொடக் கூடாது என்பதைத்தான். அருகில் அமர்ந்து, பிழைச்செய்தியை அவரையே உரக்கப் படிக்கச் சொல்லி, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் பார்க்கச் செய்து, என்ன தட்ட வேண்டும் என்பதை அவரே கண்டடையும் வரை பொறுத்திருக்க வேண்டும். விசைப்பலகையை வாங்கிச் சரிசெய்து கொடுத்தால் சிக்கல் தீரும், ஆனால் தம்மால் முடியாது என்ற எண்ணத்தோடு அவர் அமர்ந்திருப்பார். ‘இது ரொம்பச் சுலபம்’ என்று யாரும் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். சுலபமானதிலேயே தோற்றுவிட்டோம் என்றுதான் கேட்பவருக்கு அது விளங்கும்.

உரைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு கருவியின் வசதிகளை வரிசையாக அடுக்கும் உரையைவிட, ஒரு சிக்கலை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று படிப்படியாகச் சொல்லும் உரை நெடுநாள் நினைவில் நிற்கிறது. சேவை நின்றுபோன இரவில் முதலில் எதை ஐயுற்றோம், அந்த ஐயம் ஏன் பொய்யானது, எந்தப் பதிவு வழிகாட்டியது என்று பொறியாளர் ஒருவர் விவரிக்கும்போது, கேட்பவர்கள் அவரோடு சேர்ந்து சிந்திக்கிறார்கள். பேச முன்வருபவரிடம் நான் கேட்பது, உரை முடிந்த பிறகு கேட்டவர் புதிதாக எதைச் செய்யக் கூடியவராக இருப்பார் என்பதை மட்டுமே. அதற்கு ஒரு வாக்கியத்தில் விடை கிடைத்துவிட்டால் உரை பாதி தயாராகிவிட்டது. நேரடிச் செய்முறை இருந்தால், அதன் திரைப் பதிவும் கையில் இருக்கட்டும். அவையிலிருந்து வரும் கேள்வியை ஒலிவாங்கியில் ஒரு முறை திரும்பச் சொன்ன பிறகே பதில் சொல்ல வேண்டும். முன்வரிசைக்கு மட்டும் கேட்ட கேள்விக்கான பதில் மற்றவர்களுக்குப் பொருளற்றது. புதிய பேச்சாளர்களை ஐந்து நிமிட உரைகளில் தொடங்க வைப்பது நல்ல வழக்கம். மார்க் ஜேசன் டொமினஸ் 2000-இல் பெர்ல் என்ற நிரல்மொழியின் நிரலாளர் மாநாடு ஒன்றில் இவற்றுக்கு ‘லைட்னிங் டாக்’ என்று பெயர் சூட்டினார். அந்தச் சிறு கால அளவு பேசுபவருக்கும் கேட்பவருக்கும் ஒருங்கே ஆறுதலானது.

நிகழ்வு முடிந்த பின்னுள்ள நேரத்தையும் திட்டமிட வேண்டும் என்பதை 1975 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் ஃபிரெஞ்சின் வாகனக் கொட்டகையில் தொடங்கிய ‘ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்’ என்ற கணினி ஆர்வலர் குழுவின் வரலாற்றிலிருந்து கற்றுக்கொண்டேன். லீ ஃபெல்சன்ஸ்டைன் நெறிப்படுத்திய கூட்டங்களில், தம்மிடம் என்ன இருக்கிறது, தமக்கு என்ன தேவை என்று முதலில் ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். பிறகு யார் யாரைத் தேடிப் போக வேண்டுமோ அவரைத் தேடிப் போக நேரம் விடப்படும். ஸ்டீவ் வாஸ்னியாக் தம் ஆப்பிள் 1 கணினியின் சுற்றுப் படங்களைப் பகிர்ந்தது அந்தக் கிளப்பில்தான். எங்கள் கூட்டங்களிலும் உரைகளுக்குப் பிறகு இதே போன்று ஒரு சுற்று வைக்கிறோம். ஒருவர் அரை நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை. கூச்சத்தால் யாரிடமும் பேசாமல் திரும்பிப் போகக் கூடியவருக்கு, தம் சிக்கலை அறிந்த ஒருவர் தேடி வந்து பேசும் வாய்ப்பு இதில் கிடைக்கிறது.

பயிலரங்கு முடியும்போது, பயனுள்ளதாக இருந்த ஒன்றையும் குழப்பமாக இருந்த ஒன்றையும் அதே இரண்டு நிற ஒட்டுத்தாள்களில் எழுதி வாசலில் ஒட்டிவிட்டுப் போகச் சொல்கிறோம். மாலையிலேயே உதவியாளர்களோடு அமர்ந்து, குழப்பம் என்று வந்தவற்றை நேரடியாகப் பாடக் குறிப்புகளில் அந்தந்த இடத்திலேயே திருத்திவிடுகிறோம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், எந்தப் படியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்பதே நினைவிருக்காது. இரண்டு வாரத்துக்குள் பாடத்திட்டம் எதுவும் இல்லாத ஒரு சந்திப்பு நடக்கும். வீட்டில் தொடர முயன்று நின்றுபோனவர்கள் தங்கள் மடிக்கணினிகளோடு அதற்கு வருகிறார்கள், அடுத்த பயிலரங்கின் உதவியாளர்களையும் பெரும்பாலும் அவர்களிடையேதான் கேட்டுப் பெறுகிறோம்.